விரைவும் தாமதமும்

வீட்டிற்கு இணைய இணைப்புப் பெற விழைவோர் பெரும்பாலும் அதன் விரைவொன்றையே வினவுவர். விநாடிக்கு 100 மெகாபிட் என்று விடை கிடைத்ததும் அமைதியுறுவர். அவ்வெண் வழியின் அகலத்தைக் காட்டுமேயன்றி, நாம் விடுத்த செய்தி சென்று மறுமொழி மீள எத்துணைப் பொழுதாகும் என்பதைக் காட்டாது. அப்பொழுதே தாமதம் எனப்படும். திரைப்படம் காண்பார்க்கு அகலம் போதும். வீட்டிலிருந்தே நேர்முகத் தேர்வுக்கு விடை பகரும் மாணவனுக்கோ தாமதமே பெரிது. ஒருவர் சொல் மற்றவர் செவியை அடைய 150 மில்லிசெகண்டுக்கு மேற்படாதிருத்தல் நன்றென்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

கம்பியில்லா இல்ல இணையத்தில் இத்தாமதம் எங்ஙனம் எழுகின்றதென ஈண்டு ஆராய்வாம். செல்பேசிக் கோபுரத்தினின்று வரும் அலையை, கூரையிலோ சாளரத்தருகிலோ நிறுவிய கருவியொன்று ஏற்று வீட்டாருக்கு வழங்குவதே இம்முறை. 2018 அக்டோபரில் ஹூஸ்டன் முதலிய நான்கு அமெரிக்க நகரங்களில் வெரைசன் நிறுவனமும், 2023 செப்டம்பரில் சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் ஜியோ நிறுவனமும் ஐந்தாந் தலைமுறை அலைகொண்டு இதனைத் தொடங்கின.

அலை வெளியைக் கடப்பதனாலேயே தாமதம் உண்டாகின்றதெனக் கருதுதல் பொருந்தாது. விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும் அலைக்கு, 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோபுரத்தை அடைய ஒரு விநாடியின் நூறாயிரத்தில் ஒரு கூறே வேண்டும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்த செயற்கைக்கோள் வழியாயின், வினாவும் விடையும் அத்தொலைவை நான்குமுறை கடத்தலின் அரை விநாடியளவு கழியும். ஆண்டுத் தொலைவே காரணம், ஈண்டு அஃதன்று.

ஈண்டுக் காரணங்கள் மூன்று. ஒரு கோபுரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளுதலின், ஒவ்வொரு கருவியும் தன் முறைக்குக் காத்து நிற்கவேண்டும். சுவரும் மரமும் அலையை நலித்தலின், சிதைந்த பொதிகளை மீண்டும் அனுப்பவேண்டும். இவ்விரண்டினும் கொடியது வரிசை நெரிசல். வீட்டிலொருவர் பெருங்கோப்பொன்றைப் பதிவேற்றுங்கால், அதன் பொதிகள் கருவியின் நினைவகத்தை நிரப்பிவிட, பின்வந்த நம் சிறுசொல் அவற்றின் பின்னே நெடிது நிற்கும். நினைவகத்தைப் பெருக்குதல் இதற்கு மருந்தாகாது, வரிசையையே நீளச்செய்யும்.

கேத்லீன் நிக்கோல்ஸ், வேன் ஜேக்கப்சன் என்னும் இருவர் 2012-இல் ‘கோடெல்’ என்னும் முறையை வெளியிட்டனர். வரிசையின் நீளத்தை நோக்காது, ஒவ்வொரு பொதியும் அதில் நின்ற பொழுதை அது அளக்கும். காத்திருப்பு நீடித்தால் சில பொதிகளைத் தள்ளிவிடும். அக்குறிப்பறிந்து அனுப்புங்கணினி தன் வேகத்தைத் தணிக்கும்.

ஆதலின், இணைப்பைச் சோதிப்போர் தாமதத்தை இருமுறை அளத்தல் வேண்டும்: வழி வெறிதாயிருக்கும்போது ஒருமுறை, பெருங்கோப்புச் செல்லும்போது ஒருமுறை. இரண்டிற்கும் வேறுபாடு மிக்கிருப்பின், அதிக விரைவுக்குப் பணம் கொடுக்குமுன் வரிசையை ஒழுங்குசெய்யும் ரௌட்டரை நாடுவதே அறிவுடைமை. அகலமான வழியினும், காக்க வைக்காத வழியே உரையாடற்கு உற்ற துணையாகும்.