கோப்பின் முழுக் காலக்குறி

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில் மண்டூர், எழுவான்கரையில் குருமண்வெளி. இரு கரைக்கும் ஞாயிறு ஒன்றே. ஆயினும், கடிகாரம் மனிதர் வைத்தபடியே ஓடுவதன்றோ? இலங்கையின் நேரம் கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்டது. 1996 மே மாதத்தில் அரசாங்கம் அதனை ஆறரையாக்கிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறாகக் குறைத்தது. 2006 ஏப்பிரல் 15ஆந் திகதி பழைய ஐந்தரைக்கே மீண்டது. இடைக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டன.

அக்காலத்துக் கணினிக் கோப்புகளை மலருக்காக இன்று திறப்போர்க்கு இவ்வரலாறு வேண்டற்பாலது. மாணவர் பெயர்ப்பட்டியல் ஒன்றின் இரு படிகள் கிடைத்தன எனக் கொள்வோம். பிந்திய திருத்தத்தில் ஒரு பெயர் சேர்க்கப்பட்டுள்ளது. எது பிந்தியது என்றறியாது அச்சிடின், அம்மாணவர் பெயரை நாமே அழித்தவராவோம்.

லினக்ஸ் கணினியின் கட்டளைத் திரையில் இதனைத் தெளியலாம். ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டிய கட்டளைகளை ஈண்டு ஒலிவடிவில் தருகின்றோம். 'எல்எஸ் -எல்' என்பது ஆறு திங்களுக்கு முற்பட்ட கோப்புக்கு மணியைக் காட்டாது. திகதியையும் ஆண்டையுமே காட்டும். இரு படிகளுக்கும் '2006 ஏப்பிரல் 15' என்றே வரின் யாது பயன்? 'எல்எஸ் --ஃபுல்-டைம்' எனின், மணி, நிமிடம், செக்கன், அதன் ஒன்பது தசம இலக்கங்கள், ஈற்றில் கிறீன்விச் நேரத்தினின்றுள்ள வேறுபாடு ஆகிய யாவும் தோன்றும்.

இனி, முதற்படி 00:20 +0600 எனவும், மற்றையது 00:05 +0530 எனவும் காட்டுகின்றன என்க. மேலோட்டமாக நோக்குவார் முதற்படியே பிந்தியது என்பர். அது பிழை. அன்றிரவு பன்னிரண்டரை மணியானதும் கடிகாரம் மீண்டும் பன்னிரண்டுக்குத் திருப்பப்பட்டது. அவ்வரைமணி இருமுறை வந்தது. வேறுபாட்டைக் கழிப்பின், முதலாவது கிறீன்விச் நேரம் முன்னைநாள் 18:20, இரண்டாவது 18:35. ஆதலின் இரண்டாவதே பிந்தியது. கணினி உள்ளே 1970 சனவரி 1 முதலான செக்கன்களையே எண்ணி வைக்கின்றது; நேர வலயம் 'ஆசியா/கொழும்பு' என அமைந்திருப்பின், அந்நாளில் வழங்கிய வேறுபாட்டையே சேர்த்துக் காட்டும்.

'ஸ்டாட்' என்னுங் கட்டளை, கோப்பை இறுதியாக வாசித்த காலம், உள்ளடக்கம் திருந்திய காலம், பெயர் உரிமை முதலிய விவரங்கள் மாறிய காலம் என்பவற்றைத் தனித்தனி தரும். நமக்கு வேண்டியது இரண்டாவதே.

எச்சரிக்கைகள் இரண்டு. 'சிபி' எனப் படியெடுப்பின் புதிய படி இன்றைய நேரத்தைப் பெறும். 'சிபி -பி' எனின் பழைய குறி நிலைக்கும். அன்றைக் கணினியின் கடிகாரமே பிழையாயிருந்திருப்பின், குறியும் பிழையே. ஆதலின் உள்ளடக்கத்தோடு ஒப்புநோக்கியே துணிதல் வேண்டும்.

பழைய தட்டுகளை வைத்திருக்கும் அன்பர்கள், முதலிற் காலக்குறியை எழுதி வைத்துப் பின்னரே படியெடுப்பாராக.