தந்தையின் கோடு

கேள்வி: என் தந்தையார் ஓவியர். நான் வரைவதெல்லாம் அவருடைய சித்திரம் போலவே அமைந்துவிடுகிறது. எனக்கென்று ஒரு கோடு எப்போது வாய்க்கும்? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: 1950-ல் ‘கல்கி’யில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னுக்குச் சித்திரம் தீட்டிய மணியம் அவர்களின் புதல்வர், தந்தையின் பெயரையே தம் பெயரில் தாங்கி ‘மணியம் செல்வன்’ என்று கையொப்பமிட்டு வரைந்தும், தமக்கென்று தனிக் கீர்த்தி பெற்றாரல்லவா? ஆகையால் சாயலைக் கண்டு சஞ்சலப்பட வேண்டாம். உங்கள் மூக்கும் முழியும் தந்தையாருடையவையாய் இருப்பதற்கு வருந்துகிறீர்களா, என்ன! நாளை விடியல் முதல் உங்கள் ஊர்க் கோயிலின் கிளி கோபுரத்தின் எதிரே அமர்ந்து, அங்குள்ள சுதைக் கிளியை, தந்தையார் அதன் கழுத்தை எவ்விதம் வளைத்திருப்பார் என்று எண்ணாமல், பத்து தினங்கள் தொடர்ந்து வரையுங்கள். ரப்பர் வீட்டிலேயே இருக்கட்டும். பத்தாவது நாள் தாளை முதலில் தந்தையாரிடமே காட்டுங்கள்.