36 பிக்சலுக்கு ஓர் அடி

வன்னியில் வீட்டுப் படம் வரைகிறவர் யாருக்காக வரைகிறார் என்பது 2012இல் தெளிவாகிவிட்டது. அந்த ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் திகதி போரில் வீடிழந்தவர்களுக்கான இந்திய வீட்டுத் திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியபோது, கட்டும் பொறுப்பு வீட்டுக்காரரின் கைக்கே வந்தது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. வேலை முன்னேற முன்னேறத் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. வீட்டின் அளவு 550 சதுர அடி. மேசனைப் பிடிப்பதும், கல்லும் மணலும் ஏற்றுவதும், வாசல் எந்தப் பக்கம், குசினி எங்கே என்று முடிவெடுப்பதும் அந்தக் குடும்பத்தின் வேலை. பல வளவுகளில் இத்தனையையும் தனியே சுமந்தவர் ஒரு பெண். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இப்படியான வீடுகளுக்குப் படம் தயாரித்தபோதுதான் என் வேலையின் அளவுகோல் எனக்குப் பிடிபட்டது. படத்தின் மேல் விரலை வைத்து, "தம்பி, இது இங்க வேண்டாம், அங்கால தள்ளிப் போடுங்கோ" என்று அந்த அம்மா சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். கீழே எழுதியிருக்கும் கணினி நுணுக்கங்கள் எல்லாம் அதற்காகத்தான்.

ஓட்டோகாட்டில் போட்ட கோட்டுப் படத்தை மேசன் வாசிப்பார், பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வாசிப்பார். வீட்டுக்காரருக்கு அது பெரும்பாலும் கோடுகளின் சிக்கல். மண்ணின் நிறம், மர நிழல், வேலி, கிணறு, படலை எல்லாம் படத்தில் வந்த பிறகுதான் அது அவருடைய வளவாகிறது. அங்கேதான் போட்டோஷொப் போன்ற மென்பொருள் தேவைப்படுகிறது. காசு கொடுத்துச் சந்தா கட்ட முடியாத இளைஞர்கள் இலவசமான கிம்ப்பில் தொடங்கலாம். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இரண்டிலும் நடக்கும்.

முதலில் அளவு. எங்கள் மேசன்மார் அடியில் பேசுகிறார்கள், அங்குலத்தில் நூல் பிடிக்கிறார்கள். ஆகவே கோப்பைத் திறக்கும்போதே 300 டிபிஐ வைத்து, 1:100 என்ற அளவில் வேலை செய்யுங்கள். அப்படிச் செய்தால் ஓர் அடி சரியாக 36 பிக்சல். ஓர் அங்குலம் 3 பிக்சல். பின்னமே வராது. கிரிட்டை 36 பிக்சலுக்கு ஒரு கோடு, அதற்குள் 12 பிரிவு என்று வைத்துவிட்டால் திரையே அடிக்கோலாகிவிடும். 1:50 வேண்டுமானால் அடிக்கு 72 பிக்சல். அந்த அளவில் 20 அடிக்கு 27½ அடி வீடு 1440க்கு 1980 பிக்சலில் முடியும். ஏ4 தாள் 2480க்கு 3508. சுற்றிலும் குறிப்பு எழுத இடம் தாராளமாக மிஞ்சும்.

ஆனால் "1:50" என்று எழுதிவிட்டு மட்டும் நிற்காதீர்கள். கடையில் பிரின்ட் எடுக்கும்போது "தாளுக்குப் பொருத்து" என்ற தெரிவு இருந்தாலே அளவு மாறிவிடும். போட்டோகொப்பியில் இன்னும் மாறும். படத்துக்குள்ளேயே 10 அடி நீளத்தில் ஓர் அளவுப் பட்டை வரைந்துவிட்டால், தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும். எந்தப் பிரதியிலும் அளந்து பார்க்கலாம்.

ஓட்டோகாட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக எடுத்து வராதீர்கள். சுவர் தனி, கதவு யன்னல் தனி, தளபாடம் தனி, அளவுக் கோடுகள் தனி என்று ஒரே தாளளவில் பல பிடிஎஃப் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு லேயராக அடுக்குங்கள். கோட்டு லேயர்களின் கலப்பு முறையை மல்டிப்ளை ஆக்கினால் வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும். நிறங்கள் எல்லாம் அதற்குக் கீழே போகட்டும். வெட்டுப்படும் சுவர்க்கோடு 6 பிக்சல், அதாவது அரை மில்லிமீற்றர். மற்றவை 3 பிக்சல். அதைவிட மெல்லிய கோட்டைப் பழைய போட்டோகொப்பி மெஷின் விழுங்கிவிடும்.

அடுத்தது நிலம். நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். போர் முடிந்து 2010இலிருந்து சனம் திரும்பி வந்தபோது பல வளவுகள் பற்றைக் காடாகியிருந்தன. பழைய கிணறு எங்கே, அத்திவாரம் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. கூகுள் ஏர்த்தில் காலத்தைப் பின்னால் தள்ளி பழைய செய்மதிப் படங்களைப் பார்க்கலாம். தெளிவான பழைய படம் கிடைத்தால் கிணறு கரும் வட்டமாகவும், பனைகள் புள்ளி வரிசையாகவும், ஒழுங்கை வெளிர் கோடாகவும் தெரியும். அந்தப் படத்தை அடியில் போட்டு, இன்றைய படத்தை அதன் மேல் டிஃபரன்ஸ் முறையில் வைத்து நகர்த்துங்கள். பொருந்திய இடங்கள் கறுத்துப்போகும், மாறியவை வெளிச்சமாக நிற்கும். பிறகு நில அளவையாளரின் வரைபடத்தை ஸ்கான் செய்து, மல்டிப்ளையில் மேலே போடுங்கள். ஒழுங்கை முடக்கு, மதகு என்று நிலத்தில் நிச்சயமாகத் தெரிந்த இரண்டு இடங்களை வைத்துப் பொருத்தி, மூன்றாவது இடத்தை வைத்துச் சரிபாருங்கள். மூன்றாவது பொருந்தாவிட்டால் அளவை வரைபடத்தை இழுத்து வளைக்கக்கூடாது. செய்மதிப் படம் சரிந்திருக்கலாம். காணியின் எல்லை அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. எல்லைக் கோடு சண்டையை உண்டாக்கவும் தீர்க்கவும் வல்லது என்பதை வன்னியில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

கிணறு தெரிந்தவுடன், மலசலகூடக் குழிக்கு விடவேண்டிய தூரத்தை ஆரையாகக் கொண்டு ஓர் ஒளிபுகும் நீல வட்டம் போடுங்கள். பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் போடுங்கள். அந்த வட்டம் வேலி தாண்டி இந்தப் பக்கம் வந்து நிற்கும்போது, குழியை எங்கே வெட்டக்கூடாது என்பதை நீங்கள் வாய் திறந்து சொல்லவே வேண்டாம்.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வெளிநாட்டுப் பாடக் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் எந்தக் கட்டடத்துக்கும் நிழலை வடக்கே நீளமாக விழுத்துகிறார்கள். கிளிநொச்சி இருப்பது ஏறத்தாழ 9.4 பாகை வட அகலாங்கில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நண்பகலில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும் அதே இடத்துக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் எங்களுக்கு வடக்கே. ஜூன் நண்பகலில் 3 மீற்றர்ச் சுவரின் நிழல் தெற்குப் பக்கம், முக்கால் மீற்றர் அளவுக்குத்தான் விழும். டிசம்பரில் அதே சுவரின் நிழல் வடக்கே கிட்டத்தட்ட 2 மீற்றர். ஆகவே ஒரே கோப்பில் ஜூனுக்கு ஒரு நிழல் லேயர், டிசம்பருக்கு ஒன்று வையுங்கள். சுவரைப் பிரதியெடுத்து, கறுப்பாக்கி, தேவையான பிக்சல் அளவு நகர்த்தி, இடையை நிரப்பி, ஒளிபுகாத்தன்மையை 30 வீதத்துக்குக் குறைத்தால் போதும். காலை, மாலை வெயிலுக்கும் இதே முறை. மேற்கு வெயில் விறாந்தையில் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று காட்டினால், சார்ப்பை இன்னும் 2 அடி இறக்கவேண்டுமா என்ற பேச்சு தானாக வரும். தகரக் கொட்டிலில் வருடக் கணக்காக வெந்தவர்களுக்கு அந்த 2 அடி பெரிய விசயம்.

காற்றை அம்புக்குறியாக மட்டும் போடாமல் புகையாகவும் போட்டுப் பாருங்கள். விறகடுப்புக் குசினி வளவின் தென்கிழக்கில், அக்கினி மூலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மென்மையான தூரிகையால் சாம்பல் நிறத்தில் புகையை வடகிழக்கு நோக்கி இழுங்கள். அது வீட்டுக்குக் கிழக்கே ஒதுங்கிப் போகும். வாடை வடகிழக்கிலிருந்து வரும் மாதங்களுக்கு இன்னொரு லேயரில் தென்மேற்கு நோக்கி இழுங்கள். வீட்டுக்குத் தெற்கே ஒதுங்கிப் போகும். இரண்டு பருவத்திலும் அறைகளுக்குள் புகை வருவதில்லை. அக்கினி மூலையைச் சாத்திரம் என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு இந்த இரண்டு லேயர்களும் பெரிய பாடம். குசினியை வடகிழக்கிலோ தென்மேற்கிலோ நகர்த்திப் பார்த்தால் ஏதாவதொரு பருவத்தில் புகை வீட்டின் மேலேயே விழுகிறது. நகர்த்திக் காட்டுவதற்குக் குசினியைத் தனி லேயராக வைத்திருந்தால் போதும்.

வெட்டுமுகப் படத்தில் வெள்ளக்கோடும் வேண்டும். 2018 டிசம்பர் பெருமழையில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அந்தத் தண்ணீர் எதுவரை நின்றது என்று அயலவரைக் கேட்டு, அந்த மட்டத்தில் நீலப் பட்டை ஒன்றை ஓடவிடுங்கள். அத்திவாரத்தை எத்தனை கல்லு உயர்த்துவது என்பதை அதற்கு மேலே வைத்துப் பேசலாம்.

மரங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், பின்னணி நீக்கி வெட்டியெடுத்த மரப் படங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்கள். அவற்றை ஒட்டிய படத்தைப் பார்க்கும் வன்னிக்காரருக்கு அது வேறு யாருடையவோ வீடு. மப்பு மூடிய நாளில் பாலை, முதிரை, வேம்பு, புளி, பனை என்று நீங்களே படம் எடுங்கள். வானம் வெள்ளையாக இருப்பதால் நீல சனலைப் பிரதியெடுத்து லெவல்ஸில் கறுப்பு வெள்ளையாக இறுக்கினால், இலைக்கு இலை சுத்தமான மாஸ்க் கிடைத்துவிடும். மேலிருந்து பார்க்கும் படத்துக்கு மரத்தின் விரிவு தெரியவேண்டும். சித்திரை நண்பகலில் நிலத்தில் விழும் நிழலை நாடாவால் அளந்தால் அதுதான் விரிவு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களுக்காக லக்கி சேனாநாயக்க முதலானோர் கையால் வரைந்த படங்களை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். பாவாவின் ஆவணங்களை வைத்து 2022இல் கொழும்பில் ஒரு கண்காட்சியே நடந்தது. அந்தப் படங்களில் மரத்துக்குக் கட்டடத்துக்குச் சமமான கவனம் உண்டு. போருக்குத் தப்பி நிற்கும் ஒரு வேம்பை வெறும் பச்சை வட்டமாக்க எனக்கு மனம் வருவதில்லை. சொல் கொடுத்தால் படத்தை நிரப்பித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. அவை புல்தரையைத்தான் விரிக்கின்றன. எங்கள் முற்றம் கிறவலும் மணலும். அந்த நிறத்தை உங்கள் புகைப்படத்திலிருந்தே எடுங்கள்.

தமிழ் எழுத்து பலருக்குத் தலையிடி. போட்டோஷொப்பில் யூனிகோட்டில் அடித்தால் "கொ" உடைந்து கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகப் போய்விடுகிறது என்று பாமினியிலேயே பலர் நிற்கிறார்கள். பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். சிஎஸ்6 தொடங்கி வந்த பல பதிப்புகளில், எழுத்து விருப்பங்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவு இருந்தது; அந்தப் பதிப்புகளில் அதைப் போட்டு, மென்பொருளை மூடித் திறந்து, புதிய கோப்பில் அடித்தால் யூனிகோட் ஒழுங்காக வரும். கிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் இந்தச் சிக்கலே இல்லை. எழுத்தளவு 10க்குக் கீழே போகவேண்டாம். படத்தைப் பார்க்கிறவரின் மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கலாம்.

கொடுப்பதற்கு முன் ஒரு தடவை நிறங்களை முழுதாக அணைத்து, கறுப்பு வெள்ளையில் பாருங்கள். அந்தப் படம் கடைசியில் போட்டோகொப்பியாகத்தான் மேசனின் கைக்குப் போகும். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை வெளிறச் செய்யுங்கள், அல்லது சாய்கோடு போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்கி எழுத்து கலங்கிவிடும்.

தாளோடு ஒரு சிவப்புப் பென்சிலும் கொண்டுபோங்கள். "இதிலயே கீறுங்கோ அம்மா" என்று கொடுத்தால் முதலில் தயங்குவார்கள், பிறகு படலையை நகர்த்துவார்கள், சாமியறையைத் திருப்புவார்கள், மாட்டுக் கொட்டிலுக்கு இடம் கேட்பார்கள். அந்தத் தாளை ஸ்கான் செய்து, அதே கோப்பின் உச்சியில் திகதியிட்ட லேயராக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே மாற்றத்தைச் செய்யுங்கள், ஆனால் அந்த லேயரை அழிக்காதீர்கள். அடுத்த தவணைக்கு வேலையைப் பார்க்க வருகிறவர் ஏன் வாசல் மாறியது என்று கேட்டால், அந்த லேயரைத் திறந்து காட்டலாம்.