பென்டிரைவில் ஒட்டிக்கொண்டு வரும் கோப்பு

கேள்வி: கோயில் திருவிழா அழைப்பிதழுக்காகச் சுங்கை பட்டாணி அச்சகம் ஒன்றில் பென்டிரைவைக் கொடுத்து வாங்கினேன். வீட்டில் விண்டோஸ் கணினியில் போட்டால், கோப்புறைக்குக் கோப்புறை ‘.டிஎஸ்_ஸ்டோர்’ என்றொரு கோப்பு கிடக்கிறது. வைரஸா? எங்கிருந்து வந்தது?
— வாசகர், பீடோங்

பதில்: வைரஸ் இல்லை. அச்சகத்தில் மெக் கணினி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இதன் பூர்வீகம் 1984 வரை போகிறது.

அந்த ஆண்டு வந்த மெக்கின்டாஷில் கோப்பு ஒவ்வொன்றுக்கும் நான்கெழுத்துக் குறியீடு இரண்டு. ஒன்று கோப்பின் வகை; மற்றது அதை உருவாக்கிய செயலி. எந்தக் குறியீட்டுக்கு எந்தச் சின்னம், அந்தச் செயலி வட்டில் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் ‘டெஸ்க்டாப்’ என்ற மறைகோப்பு ஒன்று குறித்து வைத்தது. ஹார்வார்ட், டப்ளின் போன்ற தோட்டங்களில் வேலை செய்த பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும்: கிராணியாரின் செக்ரோல்தான் அது. ஆள் பிரட்டுக்களத்தில் நின்றால் மட்டும் போதாது, ஏட்டில் பேர் விழ வேண்டும்.

ஏடு கெட்டுப்போனால் வந்தது வினை. சின்னங்கள் எல்லாம் வெறும் வெள்ளைத் தாளாகத் தெரியும். கோப்பைத் தட்டினால் செயலியைக் காணோம் என்று கணினி சாதிக்கும். செயலியோ அதே வட்டில் பத்திரமாக இருக்கும். மருந்து, கணினி தொடங்கும்போது கமாண்ட், ஆப்ஷன் விசைகளைச் சேர்த்து அழுத்திப் பிடிப்பது. வட்டு முழுக்கப் பேர் கூப்பிட்டு ஏட்டைப் புதிதாக எழுதிக்கொள்ளும். பழைய பதிப்புகளில், கோப்புகளுக்கு நாம் எழுதி வைத்த குறிப்புகள் இதில் அழிந்துபோனதுதான் கொடுமை.

வட்டுகள் பெருத்தபோது ஒற்றைக் கோப்பு தாங்கவில்லை. 1991இல் வந்த சிஸ்டம் 7 என்ற மெக் இயங்குதளம், வன்வட்டுகளுக்கு ‘டெஸ்க்டாப் டிபி’, ‘டெஸ்க்டாப் டிஎஃப்’ என இரண்டு மறைகோப்புகளை வைத்தது.

2001இல் வெளிவந்த மெக் ஓஎஸ் எக்ஸ் வேறு வழியில் போனது. எந்தக் கோப்பை எந்தச் செயலி திறக்கும் என்ற கணக்கு கணினிக்குள்ளேயே தங்கிவிட்டது. சின்னங்களை எங்கே வைத்தீர்கள், சன்னல் எவ்வளவு பெரிது, பின்னணி என்ன என்ற விவரம் மட்டும் அந்தந்தக் கோப்புறைக்குள் ‘.டிஎஸ்_ஸ்டோர்’ ஆகப் பதிகிறது. டிஎஸ் என்பது டெஸ்க்டாப் சர்வீசஸ். நாம் தோற்றத்தை மாற்றினால் மட்டுமே அது பிறந்திருக்க வேண்டும். கோப்புறையைச் சும்மா எட்டிப் பார்த்தாலே முளைத்துவிடுவது பிழைதான் என்று, 1999இல், மெக்கில் கோப்புறைகளைக் காட்டும் ஃபைண்டர் செயலியின் தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த ஆர்னோ கூர்டோலே பின்னாளில் எழுதினார்.

பெயர் புள்ளியில் தொடங்குவதால் மெக் அதை மறைத்துவிடும்; அச்சகக்காரர் கண்ணில் படாது. விண்டோஸுக்குப் புள்ளிக் கணக்கு இல்லை, அதனால் உங்களுக்குத் தெரிகிறது. விண்டோஸும் யோக்கியமல்ல, ‘தம்ப்ஸ்.டிபி’, ‘டெஸ்க்டாப்.ஐஎன்ஐ’ என்று அதுவும் விட்டுவைக்கும்.

தாராளமாக அழியுங்கள். அழைப்பிதழுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த முறை அச்சகத்துக்குப் போனால் திரும்பவும் வரும், அழித்துக்கொள்ளலாம்.