எந்த அலுமினியம்?

அன்புள்ள தம்பிக்கு,

"அனோடைஸிங்கும் ஒரு பெயின்ட்தானே சார், கொஞ்சம் விலை கூடினது" என்று நீ போனில் சொன்னது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெயின்ட் இல்லையப்பா. பவுடர் கோட்டிங்தான் பூச்சு. மின்னேற்றிய பொடியைத் தெளித்து, 180–200 டிகிரி ஓவனில் உருக்கிப் பிடிக்க வைப்பது. அனோடைஸிங்கில் வெளியிலிருந்து எதுவும் வந்து ஒட்டுவதில்லை. கந்தக அமிலத் தொட்டியில் ஜாப்பை நேர்மின் முனையில் மாட்டிக் கரன்ட் விட்டால், அலுமினியத்தின் மேல்தோலே ஆக்சைடாக மாறுகிறது. அதனால்தான் அது பெயின்ட் மாதிரி உரிவதில்லை.

உலோகமே படலமாகிறது என்றால், உலோகத்தில் கலந்தது படலத்திலும் தெரியத்தானே செய்யும்? ஜன்னல் செக்‌ஷனுக்கு வரும் 6063 கலவை பளிச்சென்று, ஒரே சீராக அனோடைஸ் ஆகும். உன்னிடம் இருப்பதோ மோட்டார் எண்ட் கவர், எல்எம்6 வார்ப்பு. அதில் 10 முதல் 13 சதவீதம் சிலிக்கான். அது ஆக்சைடாக மாறாமல் துகள்துகளாகப் படலத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஜாப் சாம்பல் பூத்து, திட்டுத்திட்டாக வெளியே வரும். உடனே அனோடைஸிங் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். டிராயிங்கில் வெறுமனே 'அலுமினியம்' என்று எழுதி அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எந்த அலுமினியம்? கலவை எண் இல்லாத டிராயிங்கை நீ கையிலேயே வாங்காதே.

அனோடைஸிங் தொழில் பிறந்ததே கலவைத் தகராறில்தான். டூராலுமின் என்ற அலுமினியக் கலவையில் உள்ள செம்பு வலுவைக் கொடுத்தது, கூடவே உப்புத் தண்ணீரில் அரிப்பையும் கொடுத்தது. கடல் விமானப் பாகங்களைக் காப்பாற்ற, 1923இல் இங்கிலாந்தில் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் குரோமிக் அமிலத்தில் இதைச் செய்தார்கள். ரிவெட் இடுக்கில் அமிலம் தங்கினாலும் உலோகத்தை அவ்வளவாக அரிக்காது என்பது அதில் இருந்த வசதி. உலோகவியல் வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி இது. நீயும் தேடிப் படி.

உன் கவருக்குப் பவுடர் கோட்டிங்தான். வார்ப்பின் நுண்துளைகளில் அடைபட்ட காற்று ஓவனில் வெளியேறிக் கொப்புளம் விடும். அதனால் பொடி தெளிக்கும் முன்பே ஒருமுறை சூடேற்றி எடுக்கச் சொல். பேரிங் உட்காரும் இடத்தை மறைக்காமல் விட்டுவிடாதே. பூச்சு 60 மைக்ரான் என்றால் விட்டத்தில் 120 மைக்ரான் போய்விடும்; த்ரெட்டில் அதன் சரிவால் 240. துளைக்கெல்லாம் சிலிக்கோன் அடைப்பான் போட்டே அனுப்பு.

நீ செய்யப்போகும் திருகுக் குமிழ்களைக் கடைய 6063 ராடு வாங்கு. அவற்றுக்கு அனோடைஸிங், 15 மைக்ரான். மொத்தக் குமிழ்களையும் ஒரே லாட் ராடில் கடைந்து, ஒரே தொட்டியில் போடு; இல்லையென்றால் நிறம் ஒத்துப்போகாது.

அன்புடன்,
உன் ஆசிரியர்