நோயாளரைப் பேணல்: இல்லறத்தார்க்கு ஒரு பாடம்



திரிசரணம் ஏற்ற நாள்தொட்டு நாம் பௌர்ணமிதோறும் மலரும் விளக்கும் ஏந்தி விகாரைக்குச் செல்கின்றோம். பகவன் புத்தருக்கு நம்மால் இயன்ற தொண்டு இதுவே எனக் கருதி மனநிறைவு கொள்கின்றோம். ஆயின், தமக்குச் செய்யத்தக்க தொண்டு யாதென்பதைப் பகவரே ஒருகால் எடுத்துரைத்துள்ளார். அது மலரைப் பற்றியதன்று; மலசலம் கழுவுதலைப் பற்றியது. இத்திங்கட் பாடமாக அதனையே எடுத்துக்கொண்டோம்.

1. கைவிடப்பட்ட பிட்சு

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் இவ்வரலாறு காணப்படுகின்றது. பகவர் ஆனந்தரோடு பிட்சுக்களின் உறைவிடங்களைப் பார்வையிட்டு வருங்கால், வயிற்றுப்போக்கால் வருந்திய பிட்சு ஒருவர் தம் மலசலத்திலேயே கிடப்பதைக் கண்டார். பேணுவார் எவரும் இல்லையோ என வினவினார். இல்லை என்றார் பிட்சு. காரணம் கேட்டபோது, தாம் ஏனைய பிட்சுக்களுக்கு எவ்வுதவியும் செய்யாதவராதலின் அவர்களும் தம்மைக் கவனிப்பதில்லை என்றார்.

பகவர் ஆனந்தரை நீர் கொணரச் செய்தார். பகவர் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். பின்னர்ப் பகவர் தலைப்பக்கமும் ஆனந்தர் காற்பக்கமும் பற்றித் தூக்கி அவரைப் படுக்கையிற் கிடத்தினர். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் உடன் இல்லாத நீவிர் ஒருவரையொருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவார் என வினவி, தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணிசெய்க என்று பணித்தருளினார்.

இதில் நாம் முதற்கண் அறியவேண்டுவது ஒன்று. கழுவிய கைகள் இரண்டும் ஆண்மக்களின் கைகள். பிணி பார்த்தல் பெண்டிர் கடன் என்னும் வழக்கு நம் இல்லங்களில் இன்னும் ஒழியவில்லை. அவ்வழக்கு தம்மத்தினின்று வந்ததன்று.

2. யாம் கற்ற விதம்

இருபத்திரண்டு ஆண்டுகள் நூற்பாலையில் உழைத்து, அஃது அடைக்கப்பட்டபின் தம்மப் பிரசாரத்தில் இறங்கியவர் யாம். மேற்கூறிய வரலாற்றைப் பன்முறை மேடையிற் சொல்லியுமிருக்கின்றோம். 2019-ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் எமது இல்லத்துணைவியார் பக்கவாதத்தால் வீழ்ந்தார். வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் நின்றது. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தபின், ஒரு சீட்டும் ஒரு பை மருந்தும் தந்து வீட்டுக்கு அனுப்பினர். சீட்டில் மாத்திரைகளின் பெயர் இருந்தது. ஒரு மனிதரை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எப்படி ஊட்டுவது என்பது அதில் இல்லை. கேட்கவேண்டும் என்பதை யாமும் அறிந்திலோம்.

உறவினர் கூடினர். கல்லூரியிற் பயிலும் மகளை நிறுத்தி வீட்டில் இருத்துக என்றார் சிலர். கழிப்புக்கொடுத்துத் தாயத்துக் கட்டுக என்றார் சிலர். படிப்பை நிறுத்தோம், தாயத்தும் கட்டோம் என்று மறுத்துவிட்டோம். ஆயின் மறுத்த வாயால் பணி முடிந்துவிடுமோ? அன்று மாலையே படுத்தபடி இருந்தவர்க்குத் தம்ளரால் தண்ணீர் புகட்டினோம். புரையேறியது. இருமல் ஓய்ந்ததும் மீண்டும் புகட்டினோம். நான்காம் நாள் காய்ச்சல் கண்டு, நுரையீரலில் சளி கட்டி, மறுபடியும் மருத்துவமனைக்குச் சுமந்து சென்றோம். அன்பு குறைந்து செய்த பிழையன்று அது. அறியாமையாற் செய்த பிழை. ஆதலின் அன்பு மட்டும் போதாது என்பதே எமக்குக் கிடைத்த முதற்பாடம்.

3. பேணுவோர்க்கு வேண்டிய ஐந்து தகுதிகள்

பகவரும் அன்பு ஒன்றையே கூறி அமைந்தாரல்லர். அங்குத்தர நிகாயத்தின் ஐந்தாம் தொகுப்பில், நோயாளியைப் பேணத் தகுந்தவர்க்கு ஐந்து இயல்புகளை வகுத்துள்ளார்.

முதலாவது, மருந்தை ஆயத்தம் செய்யும் திறன். இக்காலத்தில் இது மாத்திரையை வேளை தவறாது கொடுத்தலாம். எம்மாத்திரை, எதற்கு, உணவுக்கு முன்னோ பின்னோ என்பதை வீடு திரும்புமுன் செவிலியரிடம் கேட்டு எழுதிக்கொள்க. உடல் தேறியது போலத் தோன்றினும் இரத்த அழுத்தத்துக்கும் இரத்தம் உறையாமைக்கும் உரிய மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. நிறுத்துதல் மறுமுறை வாதத்துக்கு வழிகோலும்.

இரண்டாவது, ஒத்ததையும் ஒவ்வாததையும் அறிந்து, ஒவ்வாததை நீக்கி ஒத்ததைத் தருதல். பக்கவாதமுற்றோர் பலர்க்கு விழுங்கும் ஆற்றல் குன்றும். அவரை நிமிர்த்தி உட்காரவைத்த பின்னரே ஊட்டுக. தூக்கக்கலக்கத்தில் ஊட்டற்க. சிறு கரண்டியால், செயலுள்ள பக்கத்து வாயில் வைத்து, விழுங்கியதைக் கண்ட பின்னரே மறு கரண்டி தருக. தண்ணீரைவிடக் கூழ்போன்ற பதம் சிலர்க்கு எளிது. எது ஏற்றதென மருத்துவரைக் கேட்டறிக. உண்டபின் அரைமணி நேரமேனும் சாய்க்காது இருத்துக. ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்பு மிகுந்தவற்றை விலக்குக.

மூன்றாவது, ஆதாயம் கருதாது அன்புள்ளத்தோடு பணிசெய்தல். கணவன் மனைவியரிடையே ஆதாயம் ஏது என்பீர். உண்டு. நாம் இவ்வளவு செய்கின்றோமே, இவர் நன்றி காட்டவில்லையே என்னும் எண்ணமே அவ்வாதாயம். அதனைப் பின்னர் விரிப்போம்.

நான்காவது, மலசலம், வாந்தி, எச்சில் ஆகியவற்றை அருவருக்காதிருத்தல். அருவருப்பு முதல் வாரத்தில் வரவே செய்யும். வந்தது குறித்து வெட்கவேண்டா. கையுறையும் சோப்பும் பழைய வேட்டித் துணியும் அருகில் இருப்பின் அது குறையும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் கைகழுவுக. சிறுநீர்க் குழாய் இருப்பின் பையை அடிவயிற்றுக்குத் தாழ்வாகவே தொங்கவிடுக. நீர் கலங்கினும், காய்ச்சல் கண்டாலும் மருத்துவரிடம் செல்க.

படுக்கைப்புண் இத்தகுதியைச் சோதிப்பது. அசையாது கிடப்பவர்க்கு வால் எலும்பு, குதிகால், இடுப்பு, தோட்பட்டை, முழங்கை ஆகிய இடங்களில் இரத்த ஓட்டம் நசுங்கித் தோல் சிவக்கும், கவனியாதுவிடின் குழிப்புண்ணாகும். ஆதலின் இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுக. கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையிற் படாமல் நிறுத்துக. சிவந்த இடத்தை எண்ணெயிட்டுத் தேய்க்கற்க; தேய்த்தல் கேடு. செயலிழந்த கையைப் பற்றி இழுத்துத் தூக்கற்க, தோள்மூட்டு விலகும்.

இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுவது இயலுமோ என்று அஞ்சுவீர். இரவு ஷிப்டில் அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டு கதிர்களினூடே விடியும்வரை நடந்த கால்கள் நம்முடையவை. முதலாளியின் நூலுக்காக விழித்த கண்கள் மனைவியின் முதுகுக்காக விழியாவோ?

ஐந்தாவது, தம்ம மொழிகளால் நோயாளியின் உள்ளத்தை வேளைதோறும் தேற்றி மகிழ்வித்தல். மருந்தோடு மனத்தையும் பேணுக என்பது இதன் பொருள். வாதமுற்றோர்க்கு மனச்சோர்வு மிகுதியும் வருவதை மருத்துவரும் கூறுகின்றனர். அதற்கும் மருத்துவம் உண்டு.

4. இது முன்வினையோ?

எமது துணைவியாரைக் காணவந்த ஒருவர், அவர் காதுபடவே, எப்பிறப்பிற் செய்த வினையோ என்றார். பேச இயலாத அவர் கண்ணில் நீர் வழிந்தது. புத்த சமயத்தாரும் கன்மம் பேசுகின்றவர்தாமே என்று வந்தவர் எம்மை மடக்கினார்.

அன்பர்களே, இதற்குப் பகவரே விடை பகர்ந்துள்ளார். சம்யுத்த நிகாயத்தில், சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதர் துய்க்கும் இன்பதுன்பம் யாவும் முன்வினைப் பயனே என்பார் கூற்றைப் பற்றி வினவினான். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டம், பருவ மாறுபாடு, தகாத ஒழுக்கம், பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் எனக் காரணங்கள் எட்டு என எண்ணிக்காட்டி, யாவற்றையும் முன்வினையின் தலையிற் சுமத்துவோர் தவறுகின்றனர் என்று பகவர் விளக்கினார். எட்டில் ஒன்றே வினை. எமது துணைவியார்க்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்ததை எவரும் அளந்து பாராதிருந்ததே காரணம். பிறப்பின் பெயரால் இழிவு சுமத்தப்பட்ட நாம், நோயின் பெயரால் இன்னொருவர் மீது இழிவைச் சுமத்தலாகாது.

5. மறைத்த தாகம்

இரண்டாம் திங்களில் எமது பொறுமை தேய்ந்தது. துணைவியார் மாத்திரையை நாவால் தள்ளினார். தண்ணீரைக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டார். ஒருநாள் நள்ளிரவில் யாம் உரத்துக் கடிந்தோம். நாவடக்கம் பற்றி முற்பகலிற் சொற்பொழிவாற்றிய அதே நாவு அது. ஆதாயம் என்று மேலே கூறியது இதுவே.

மறுநாள் எமது மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். தாயின் அருகில் வைத்த தம்ளர் நீரை, தாய் இடக்கையால் மெல்லச் சாய்த்துக் கட்டிலுக்கடியில் இருந்த பாத்திரத்தில் ஊற்றிவிடுகின்றார். குடித்தால் சிறுநீர் கழியும். கழிந்தால் கணவன் எழுந்து துணி மாற்றவேண்டும். ஆகலின் அவர் தாகத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தார். யாம் பிடிவாதம் என்று எண்ணியது எம் உறக்கத்தின்மீது அவர் கொண்ட இரக்கம்.

அப்போதுதான், பன்முறை மேடையிற் சொல்லிய வரலாற்றின் உட்பொருள் எமக்கு விளங்கிற்று. தம்மால் எவர்க்கும் பயனில்லை என்று சொல்லிய பிட்சுவும் இவரும் ஒரே நோயை உற்றவர். நோயாளி தன் நிலையைப் பேணுவோரிடம் மறையாது சொல்லவேண்டும் என்று பகவர் நோயாளிக்கும் விதி வகுத்துள்ளார். ஆயின் சொல்லத்தக்க இடமாக நாம் இருக்கின்றோமா என்பதை நாமே ஆராயவேண்டும். அவர் கட்டிலருகே அமர்ந்து மன்னிப்புக் கேட்டோம். இடக்கையால் எம் தலையைத் தொட்டார்.

நகுலமாதா என்னும் உபாசிகையை இங்கே நினைக்க. பக்க நாட்டில் அவள் கணவர் நகுலபிதா கடுநோயுற்றுக் கிடந்தார். கவலையோடு இறத்தல் துன்பமாதலின் கவலற்க என்று அவள் தேற்றினாள். பஞ்சு நூற்கவும் கம்பளி கோதவும் வல்லேன், மக்களைக் காத்து இல்லத்தை நடத்துவேன் என்று முதலில் சொன்னாள். வேறொருவரை நாடேன் என்றும், தம்ம வாழ்வில் தளரேன் என்றும் ஒவ்வோர் அச்சமாக எடுத்துக் களைந்தாள். நோயாளி வாய்விட்டுச் சொல்லாத அச்சத்தை அவளே பெயரிட்டுச் சொன்னாள் என்பதைக் கவனிக்க. அவர் நோய் தணிந்து, கோலூன்றிப் பகவரிடம் சென்றபோது, இத்தகையவளைத் துணையாகப் பெற்றது உமது பேறு என்று பகவர் பாராட்டினார். நூல் நூற்ற பெண்ணொருத்தியின் சொல் பிடகத்தில் இடம்பெற்றுள்ளது. ஆலைத் தொழிலாளராகிய நமக்கு இது பெருமையன்றோ?

யாமும் அன்று முதல் அச்சங்களை ஒவ்வொன்றாகக் கூறித் தேற்றினோம்: மகள் படிப்பு நிற்காது, கடன் இன்ன அளவே, துணி மாற்றுவது எமக்குச் சுமையன்று. அவர் தண்ணீர் குடித்தார்.

6. சங்கத்தின் கடன்

இன்று அவர் கோலூன்றி நடக்கின்றார். வலக்கை எழவில்லை, சில சொற்களே வருகின்றன. எல்லாரும் முழுதும் தேறுவர் என்று யாம் உறுதி கூறோம். தேறாதவர்க்கும் இப்பணி உரியதே.

பேணுவோரும் மனிதரே, உறக்கமின்றி நெடுநாள் இயங்க எவராலும் ஆகாது. இ.எஸ்.ஐ. காப்பீடுள்ள தொழிலாளியின் குடும்பத்தார்க்கும் மருத்துவ உதவி உண்டு. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கின்றது. வீடு திரும்பியபின் 15 நாள் மருந்துச் செலவும் அதில் அடங்கும். பதினாறாம் நாள் தொடங்குவதே நெடும்பாதை. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்தணிப்புப் பணி, அயலாரையும் தொண்டர்களையும் துணைக்கொண்டு வீடுதோறும் பரவியது. அயலார் செய்ய இயன்றதை நம் சங்கத்தார் செய்ய இயலாதோ?

ஒவ்வொரு சங்கமும் ஒரு சக்கர நாற்காலி, ஒரு மலச்சட்டி, இரண்டு ஊன்றுகோல் வாங்கி வைக்கட்டும். நோயாளி உள்ள இல்லத்துக்கு வாரம் ஒரு பிற்பகல் இருவர் சென்று அமர்ந்து, பேணுவோரை நான்கு மணி நேரம் உறங்கவிடட்டும். வெறுங்கையராய்ச் சென்று வினைப்பயன் பேசுதலினும் இது மேல்.

இன்னொன்றையும் யாவரும் மனத்திற் பதிக்க. வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் 108-ஐ அழைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள்ளேயே பயன்தரும். மந்திரிக்கும் இடத்தில் கழியும் ஒரு மணி, ஒரு கையை இழக்கும் மணியாகலாம்.

ஞாயிறு கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. பகவர் சங்கத்தாரைக் கடிவதற்கு முன் தாமே நீர் வார்த்தது ஏன்?
2. பேணுவோரின் ஐந்து தகுதிகளுள் நம்மிடம் குறைவுபட்டது எது?
3. நகுலமாதா தேற்றிய முறையில் நாம் பின்பற்றத்தக்கது யாது?
4. நம் தெருவில் இன்று படுக்கையில் இருப்பவர் யார்? அவர் இல்லத்துக்கு இவ்வாரம் செல்பவர் யார்?

நான்காம் வினாவுக்கு விடையாகப் பெயர்களை எழுதிக்கொண்டு கூட்டத்தை முடிப்பீராக. நோயுற்றோர் யாவரும் நலம் பெறுக! பேணுவோர் யாவரும் வலிமை பெறுக!

நமோ புத்தாய.