ஆறாம் நாள் மன்னா

கடவுள் அன்றாடம் படியளப்பார் என்று நம்புகிறவர் நாளைக்கென்று எதையும் எடுத்துவைக்கக் கூடாது என்றொரு எண்ணம் நம் சபைகளில் உலவுகிறது. இதற்கு யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். வனாந்தரத்தில் விழுந்த மன்னாவில் விடியும்வரை மீதி வைத்தது புழுத்து நாறியது உண்மைதான். ஆனால் சில வசனம் தள்ளி வாசித்தால், ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்ததும், அது ஓய்வுநாளிலும் கெடாமல் இருந்ததும் வருகிறது. அதே மன்னா, அதே ஜனங்கள். நாளைக்கு விழாமல் போய்விடுமோ என்று பதுக்கியது கெட்டது, சொல்லப்பட்ட தேவைக்கு வைத்தது நின்றது என்றே இதை நான் வாசிக்கிறேன். வெயில் ஏறினால் தரையில் கிடப்பது உருகிவிடும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. காலையில் எழுந்து பொறுக்காதவருக்கு அன்றைக்கு ஒன்றுமில்லை. விசுவாசம் சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்பவர்களுக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

இதை வீட்டுக் கணக்குக்குக் கொண்டுவந்தபோது எனக்குக் கைகொடுத்தது ஒரு சின்னப் பழக்கம்: எடுத்துவைக்கும் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அது எதற்கு என்று எழுதிவிடுவது. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், சர்க்கரை மாத்திரை, திடீர் ஆஸ்பத்திரிச் செலவு, மழைக்கு முன் மாற்ற வேண்டிய ஓடு. இவற்றுக்கெல்லாம் ஓர் அளவு உண்டு. சேர்ந்ததும் கை நின்றுவிடும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பதற்குத்தான் அளவே கிடையாது. தூக்கத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் அந்தத் தொகைதான்.

பிரிஸ்டலில் 1836-இல் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லரைப் பற்றிச் சொல்லும்போது ஜெபத்தைச் சொல்வார்கள், கணக்கைச் சொல்ல மாட்டார்கள். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்ற உறுதியோடு அவர் வாழ்நாளில் சுமார் 10,000 பிள்ளைகளைப் பராமரித்தார். வந்த காணிக்கைகளுக்கு ரசீது கொடுத்து, கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். அந்த ஆண்டறிக்கையே மறைமுகமாகக் கையேந்துவதுதானே என்று கேட்கலாம். 1841 இறுதியில் கையிருப்பு வற்றியபோது அவர் அறிக்கையையும் கூட்டங்களையும் வேண்டுமென்றே தள்ளிப்போட்டார். ஆனாலும் இந்தக் கேள்வியை நான் முழுதாகத் தள்ள மாட்டேன். அறிக்கையை வாசித்து மனமிளகிப் பணம் அனுப்பியவர்கள் இருந்திருப்பார்கள். மனிதர் கையால் வந்ததால் அது கடவுள் கொடுத்தது ஆகாது என்பதைத்தான் ஒப்ப முடியவில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: பசித்தவனிடம் போதுமென்ற மனதைப் போதிப்பது கொடுமை. கொடுமைதான். வேலையாளின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு மனநிறைவு பேசுகிறவரை யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரமே விடாது. மனநிறைவை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளலாம். என்னிடம் சம்பளம் வாங்குகிறவருக்குச் சொல்ல எனக்கு வாயில்லை. பவுலும் பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதியபோது எந்த நிலையிலும் திருப்தியாயிருக்கக் கற்றுக்கொண்டதாகத் தன்னைப் பற்றித்தான் சொன்னார். அவர்கள் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பியது வந்து சேர்ந்தது என்பதையும் அதே கடிதத்தில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.